ஒற்றை இருக்கை மோட்டாரில் அம்மாவுக்கு ஓர் இடம்

சந்தையிலிருந்து திரும்பிய அம்மா, கையில் காய்கறிப் பையோடு வீட்டு வாசலில் நின்றுவிட்டார். கார் நிறுத்தும் இடம் முழுவதும் பழைய நாளிதழ்களை விரித்து, மோட்டாரிலிருந்து கழற்றிய பாகங்களை அவற்றின் மேல் வரிசையாக வைத்திருந்தேன். முன் மட்கார்ட், பின் மட்கார்ட், காற்றுப் பெட்டி, பக்க மூடிகள். கடைசியாக, இருவர் உட்காரும் அந்த நீளமான இருக்கை.

“இதையும் கழட்டிட்டியா? அப்ப நான் எங்க உட்காருறது?”

“இது பாபர்மா. ஒருத்தருக்கு மட்டுந்தான் சீட்டு” என்றேன் பெருமையாக.

“ஓ” என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டார். எனக்கு அது ஒரு சாதாரணக் கேள்வியாகத்தான் தெரிந்தது. அதற்குச் சரியான பதில் சொல்ல எனக்கு ஏழு வாரங்கள் ஆகும் என்று அப்போது தெரியாது.

நண்பர்களே, நான் இயந்திரவியல் பொறியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவன். வீடு கிள்ளானில். அப்பா டிரெய்லர் லாரிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் 25 ஆண்டுகளாக வெல்டிங் செய்கிறார். கடந்த நீண்ட விடுமுறையில், வீட்டின் பக்கவாட்டில் தார்பாய்க்கு அடியில் ஐந்து ஆண்டுகளாகக் கிடந்த அப்பாவின் மோட்டார் சைக்கிளை ஒரு ‘பாபர்’ வண்டியாக மாற்றினேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எந்தப் பாபர்?

நான் முதலில் இந்தப் பெயரைச் சொன்னபோது அப்பா கேட்ட கேள்வி அது. தமிழ்ப்பள்ளியில் படித்த நம் எல்லோருக்கும் பாபர் என்றால் முகலாயப் பேரரசர்தானே!

இந்தப் பாபர் வேறு. ஆங்கிலத்தில் முடியையோ குதிரையின் வாலையோ குட்டையாக வெட்டுவதற்கு ஒரு சொல் உண்டு. அதிலிருந்து வந்த பெயர் இது. 1930களில் அமெரிக்காவில், கடையில் கிடைக்கும் சாதாரண மோட்டார் சைக்கிள்களைக் கொண்டே ஓட்டும் ‘கிளாஸ் சி’ பந்தயங்கள் பிரபலமாயின. பந்தய வண்டி வாங்கப் பணம் இல்லாதவர்கள், தாங்கள் தினமும் ஓட்டும் வண்டியையே பந்தயத்திற்குக் கொண்டு வந்தார்கள். எடையைக் குறைக்க முன் மட்கார்டைக் கழற்றினார்கள். பின் மட்கார்டைப் பாதியாக வெட்டினார்கள். தேவையில்லாத எதையும் வண்டியில் விட்டு வைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்காக ஹார்லி டேவிட்சன் நிறுவனம் ‘டபிள்யூஎல்ஏ’ எனும் இராணுவ மோட்டார் சைக்கிள்களைப் பெரும் எண்ணிக்கையில் தயாரித்தது. போர் முடிந்ததும் அவற்றில் பல மலிவு விலையில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. கனமான அந்த வண்டிகளை இளைஞர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகைகளிலேயே வெட்டிக் குறைத்தார்கள். இப்படிப் பரவியதுதான் பாபர் பாணி.

பலர் இதைச் ‘சாப்பர்’ வண்டியோடு குழப்பிக்கொள்கிறார்கள். சாப்பர் பின்னர் வந்தது. அதில் சேசிஸையே வெட்டி, கழுத்துப் பகுதியின் சாய்வை மாற்றி, முன் ஃபோர்க்கை நீளமாக்குவார்கள். 1969இல் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ திரைப்படத்தில் வருபவை சாப்பர்கள். பாபர் வண்டியிலோ சேசிஸ் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மேலே உள்ளவற்றை மட்டும் குறைப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், காசில்லாதவர்கள் தொடங்கிய இந்தப் பாணியை இன்று பெரிய நிறுவனங்களே தயாரித்து விற்கின்றன. டிரையம்ப் நிறுவனம் 2016இல் அறிமுகப்படுத்திய ‘போன்வில் பாபர்’ அதற்கு ஓர் உதாரணம். அதன் விலை என்னைப் போன்ற மாணவனுக்குக் கனவு. ஆனால் வீட்டிலேயே ஒரு பழைய வண்டி இருந்தது.

அப்பாவின் ஜாகு

அது மொடெனாஸ் ஜாகு 175. கெடா, குருனில் உள்ள மொடெனாஸ் தொழிற்சாலையின் தயாரிப்பு. ‘ஜாகு’ என்றால் மலாய் மொழியில் வெற்றி வீரன். காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம், தாழ்ந்த இருக்கை, பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பர்கள். தோற்றத்தில் அது ஏற்கெனவே ஒரு சின்ன குரூஸர் என்பதால் பாபராக மாற்றத் தோதானது. 250 சிசிக்கு உட்பட்டது என்பதால் என்னுடைய பி2 உரிமமே போதும்.

அப்பா கார் வாங்கியதிலிருந்து அது சும்மா நின்றது. தொட்டியில் இருந்த பெட்ரோல் கெட்டுப்போய், கார்புரேட்டருக்குள் பிசினாக உறைந்திருந்தது. முதல் இரண்டு வாரங்கள் அதைச் சுத்தம் செய்வது, பிரேக், டயர், செயின், பேட்டரி மாற்றுவது என்று ஓடின. பிறகு சாலை வரியையும் காப்புறுதியையும் புதுப்பித்தோம். பகுதி நேர வேலையில் சேர்த்த 1,800 ரிங்கிட்டில் பாதி, வண்டியை அழகுபடுத்தத் தொடங்கும் முன்பே கரைந்துவிட்டது.

என் கனவு பெரிதாக இருந்தது. பின் ஷாக் அப்சார்பர்களையே நீக்கி, சேசிஸின் பின்பகுதியை வெட்டி, ‘ஹார்ட்டெயில்’ எனப்படும் அசையாத பின்பகுதியாக மாற்ற நினைத்தேன். அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்: “சேசிஸ்ல கைய வைக்காத.” நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அவர் சொன்னது சரி. ஜேபிஜேயின் அனுமதி இல்லாமல் வண்டியின் கட்டமைப்பை மாற்றுவது சட்டப்படி குற்றம். வண்டியின் நிறத்தை மாற்றினால்கூடப் பதிவில் தெரிவிக்க வேண்டும். எங்கள் வண்டி கறுப்பு. அதனால் கறுப்பாகவே விட்டுவிட்டேன்.

ஆகவே முடிவு இதுதான்: திருகாணியால் பொருத்தியிருப்பதை மட்டும் கழற்றலாம், சேசிஸை வெட்டக் கூடாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். அன்றுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மட்கார்ட் என்றால் சேறு தடுப்பது மட்டுமா?

முன் மட்கார்ட் இல்லாமல் வண்டி மிக அழகாக இருந்தது. எங்கள் தாமானைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. வேகத்தடைக்கு முன் முன்பிரேக்கை அழுத்தினால் மட்டும் கைப்பிடி லேசாக நடுங்கியது. டயரில் காற்று குறைவோ, பேரிங் தேய்ந்துவிட்டதோ என்று இரண்டு நாள் தேடினேன்.

காரணம் நாளிதழின் மேல் கிடந்தது. மட்கார்டுக்கு அடியில் வளைந்த ஓர் இரும்புப் பட்டை இருக்கிறது. மட்கார்டைத் தாங்குவதற்காகத்தான் அது இருக்கிறது என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது ஃபோர்க்கின் இடது காலையும் வலது காலையும் ஒன்றாகப் பிணைக்கிறது. பிரேக் டிஸ்க் ஒரு பக்கம்தான் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது அந்தப் பக்கத்துக் கால் மட்டும் இழுபடும். இரண்டையும் பிணைக்கும் பட்டை இல்லாவிட்டால், ஒரு கால் ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் முறுக்கிக்கொள்ள இடம் கிடைத்துவிடும்.

மட்கார்டின் நீளத்தைப் பாதியாகக் குறைத்து, அந்தப் பட்டையோடு திரும்ப மாட்டினேன். நடுக்கம் நின்றது.

அடுத்தது காற்றுப் பெட்டி. இருக்கைக்கு அடியில் இருக்கும் இந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்துவிட்டு, கார்புரேட்டரின் வாயில் நேரடியாக ஒரு சிறிய கூம்பு வடிவ ஃபில்டரை மாட்டுவது பாபர் பிரியர்களின் வழக்கம். நானும் மாட்டினேன். சத்தம் கம்பீரமாக இருந்தது. ஆனால் த்ரோட்டிலைத் திருகினால் இயந்திரம் ஒரு கணம் திணறியது. விட்டால் எக்சோஸில் ‘டப் டப்’ என்று வெடித்தது.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அதன் பீங்கான் முனை இளம்பழுப்பாக இருக்க வேண்டும். என்னுடையது சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதற்கு அது அடையாளம். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். அந்தப் பெட்டி வெறும் பெட்டியல்ல. எவ்வளவு காற்று, எவ்வளவு சீராக உள்ளே போக வேண்டும் என்பதை அதுதான் அளவாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. கார்புரேட்டரின் ஜெட் அந்த அளவுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கப்பட்டது. காற்றை மாற்றினால் ஜெட்டையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகி, பிஸ்டன் வரை சேதமாகலாம்.

வெவ்வேறு அளவு ஜெட் வாங்கிப் பரிசோதிக்க என்னிடம் பணம் இல்லை. வெட்கப்படாமல் காற்றுப் பெட்டியைத் திரும்ப மாட்டினேன். இருக்கையின் நிழலில் அது கண்ணுக்கே தெரியவில்லை.

இப்படி நாளிதழின் மேல் இருந்த பாகங்கள் ஒவ்வொன்றாக வண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பின்விளக்குகூட விடவில்லை. புதிதாகச் சாயம் பூசிய பின் அது எரியவே இல்லை. அரை நாள் ஒயரைத் தடவிப் பார்த்த பிறகுதான் புரிந்தது: விளக்கின் எர்த், மட்கார்டின் இரும்பு வழியாகத்தான் சேசிஸுக்குப் போகிறது. நான் ஆசையாகப் பூசிய மூன்று பூச்சுச் சாயம் அதை அடைத்துவிட்டது. திருகாணி உட்காரும் இடத்தில் கொஞ்சம் சாயத்தைச் சுரண்டியதும் விளக்கு எரிந்தது.

“ஒட்டியிருக்கு, உருகல”

பின் மட்கார்டுதான் பாபரின் முகவரி. டயரை ஒட்டி, அதன் வளைவையே பின்பற்றிக் குட்டையாக நிற்க வேண்டும். பழைய மட்கார்டை வெட்டி, கீழே இறக்கிப் பொருத்த இரண்டு தாங்கிகள் தேவைப்பட்டன. அப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு மதியம், அவருடைய வெல்டிங் செட்டை எடுத்து நானே செய்துவிட்டேன். ஐந்து மில்லிமீட்டர் தகட்டில் மெல்லிய குழாயை இணைத்தேன். குழாயில் ஓட்டை விழுந்துவிடுமோ என்ற பயத்தில் மின்னோட்டத்தைக் குறைத்து வைத்தேன். கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தபோது வெல்டிங் கோடு முத்துக் கோத்தது போல் இருந்தது. படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன்.

மாலையில் அப்பா வந்தார். தாங்கியைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் அடிப்பக்கத்தைத் தடவினார். எதுவும் பேசவில்லை. அதைத் தரையில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. பலமான அடிகூட இல்லை. நான் போட்ட முத்துமாலை காய்ந்த புண்ணின் பொருக்கு போல் முழுதாகக் கழன்று விழுந்தது. அடியில் இருந்த தகடு வழுவழுப்பாக, சாயம்கூட முழுதாகப் போகாமல் இருந்தது.

“ஒட்டியிருக்கு, உருகல” என்றார்.

வெல்டிங் என்பது பசை அல்ல. இரண்டு இரும்பும் உருகி, ஒன்றோடு ஒன்று கலந்து உறைய வேண்டும். கனமான தகடு வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மெல்லிய குழாய் சீக்கிரம் உருகிவிடும். எனவே நெருப்பைத் தகட்டின் பக்கம் அதிகம் காட்டி, குழாயை மெல்லத் தொட்டு வர வேண்டும். நானோ இரண்டிலும் பட்டும் படாமல் வேகமாக இழுத்துவிட்டேன். கிரைண்டரால் சாயத்தை முழுமையாக எடுக்கவும் இல்லை.

அந்தத் தாங்கி வீட்டு வாசலில் உடைந்தது என் அதிர்ஷ்டம். சாலையில் உடைந்திருந்தால் மட்கார்ட் சுழலும் டயரின் மேல் விழுந்து, சக்கரத்தை அப்படியே நிறுத்தியிருக்கும். கூட்டரசு நெடுஞ்சாலையில், பின்னால் லாரிகள் வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று அப்பா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவர் பட்டறைக்கு வந்து சேரும் வண்டிகளில் எவையெல்லாம் எப்படி வந்தவை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அப்பா பட்டறையிலிருந்து ஒரு பை நிறைய இரும்புத் துண்டுகள் கொண்டு வந்தார். “அம்பது போடு. ஒவ்வொண்ணையும் வெட்டிப் பாரு” என்றார். போட்டேன். ஒவ்வொன்றையும் இரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன். முதல் இருபதில் பாதி உள்ளே இடைவெளியோடு இருந்தன. முப்பதுக்குப் பிறகு சத்தம் பிடிபட்டது. சரியாக உருகும்போது எண்ணெயில் எதையோ பொரிப்பது போல் ஒரே சீரான சத்தம் வரும். நாற்பத்தைந்தாவது துண்டை அப்பா சுத்தியலால் பலமாக அடித்தார். குழாய் வளைந்தது, வெல்டிங் விடவில்லை. “ம்” என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய பாராட்டு.

மட்கார்ட் இன்னொரு பாடமும் சொல்லிக்கொடுத்தது. அழகுக்காக அதை டயருக்கு மேல் இரண்டு விரற்கடை உயரத்தில் வைத்திருந்தேன். ஷாக் அமுங்கும்போது சக்கரம் மேலே வரும் என்பதை மறந்துவிட்டேன். ஷாக் அப்சார்பர்களைக் கழற்றிவிட்டு, ஜாக்கியால் சக்கரத்தை அதன் எல்லை வரை தூக்கிப் பார்த்துத்தான் மட்கார்டின் உயரத்தைக் குறிக்க வேண்டும். அப்படிச் செய்தபோது நான் நினைத்ததைவிட அது மிக மேலே போய்விட்டது. படங்களில் பார்த்த அழகு கொஞ்சம் குறைந்தது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இருக்கைக்கு அடியில்

ஆறாவது வாரம். புதிதாகச் செய்த ஒற்றை இருக்கைக்குப் பழைய இருக்கையின் ஸ்பாஞ்சைப் பயன்படுத்தலாம் என்று அதைக் கவிழ்த்தேன். பின்பகுதியின் உறையில் ஒரு பெரிய கிழிசல், தடித்த நைலான் நூலால் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது. அது அம்மாவின் தையல். என் பள்ளிப் பையிலும் அதே தையலைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாவிடம் கேட்டேன். அவர் கிரைண்டரை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அம்மாக்கு அப்ப நைட் ஷிப்ட். ராத்திரி கொண்டுபோய் விட்டுட்டு, காலையில ஆறு மணிக்குப் போய் ஏத்திட்டு வருவேன். எட்டு வருசம். மழையில நனைஞ்சு நனைஞ்சு சீட்டு கிழிஞ்சு போச்சு. புது சீட்டு வாங்கலாம்னேன். உனக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும்னு அவளே தைச்சுக்கிட்டா.”

மேருவில் உள்ள கையுறைத் தொழிற்சாலையில் அம்மா வேலை செய்தது எனக்குத் தெரியும். காலையில் நான் எழும்போது அம்மா சமையலறையில் இருப்பார். அவர் எப்படிப் போனார், எப்படி வந்தார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. மட்கார்டுக்கு அடியில் உள்ள பட்டை என்ன செய்கிறது என்று இரண்டு நாள் தேடியவன், அந்த இருக்கை என்ன செய்தது என்று கேட்கவே இல்லை.

பாபருக்கு ஒற்றை இருக்கைதான் இலக்கணம். இரண்டாவது இருக்கை வைத்தால் நண்பர்கள் கேலி செய்வார்கள். இருந்தாலும் அன்று இரவே பேப்பரில் கணக்குப் போட ஆரம்பித்தேன்.

சேசிஸை வெட்டாமல் விட்டது இப்போது கைகொடுத்தது. பழைய இருக்கையைத் தாங்கிய இரண்டு குழாய்களும் அவற்றின் திருகாணித் துளைகளும் அப்படியே இருந்தன. மட்கார்டின் மேல் பாரம் விழாமல், அந்தத் துளைகளில் மாட்டிக் கழற்றும்படி ஒரு சிறிய இரும்புச் சட்டம் செய்து, அதன் மேல் இருக்கை வைக்கலாம். அம்மாவின் எடை 60 கிலோ. விசையாகச் சொன்னால் சுமார் 590 நியூட்டன். சட்டம் திருகாணியிலிருந்து 20 சென்டிமீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால், அடிப்பகுதியில் அதை வளைக்கும் திறன் ஏறக்குறைய 118 நியூட்டன் மீட்டர். குழியில் விழுந்து எழும்போது இது பல மடங்காகும். மூன்று மடங்கு வைத்துக்கொண்டு, 354 என்று எழுதி, அதற்கேற்ற குழாயைத் தேர்ந்தெடுத்தேன். முனைகளில் முக்கோணத் தகடுகளையும் சேர்த்தேன்.

தாளை அப்பாவிடம் காட்டினேன். எண்களை அவர் பார்க்கவில்லை. படத்தை மட்டும் பார்த்தார். “பள்ளத்துல விழுந்தா மூணு ஆளு எடை வரும். அதுக்குத் தாங்குமா?” என்றார். நான் இரண்டு ஆண்டு படித்துப் போட்ட கணக்கை அவர் 25 ஆண்டு வேலையில் போட்டு வைத்திருக்கிறார்!

வெல்டிங்கை நானே செய்தேன். இதற்கு முன் போட்ட அத்தனை வெல்டிங்கும் வண்டிக்காக. இது அம்மாவுக்காக. கை நடுங்கியது. ஒரு மூலை சரியில்லை என்று தோன்றியதும், யாரும் சொல்லாமலேயே கிரைண்டரால் அறுத்து மறுபடி போட்டேன். சட்டத்தை மாட்டியதும், 82 கிலோ எடையுள்ள அப்பா அதன் மேல் ஏறி நின்று நான்கைந்து முறை குதித்தார். சட்டம் அசையவில்லை. கழற்றி வைத்திருந்த பின் கால்மிதிகளையும் திரும்ப மாட்டினேன்.

நீங்களும் தொடங்கினால்

இதைப் படித்துவிட்டு வீட்டில் உள்ள பழைய வண்டியைப் பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள். நான் அடிபட்டுக் கற்றவற்றில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வண்டியைச் சரியாக ஓடும் நிலைக்குக் கொண்டு வாருங்கள். பிறகு மாற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால், கோளாறு பழையதா, நீங்கள் உண்டாக்கியதா என்று தெரியாது.

ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் கழற்றி, ஓட்டிப் பாருங்கள். நான் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றியதால்தான் வாரக்கணக்கில் அலைந்தேன். கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுங்கள். திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

வண்டியில் வெல்டிங் செய்யுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியை எடுத்துத் தூரமாக வையுங்கள். காலித் தொட்டிக்குள்ளும் பெட்ரோல் ஆவி இருக்கும், அது வெடிக்கக்கூடியது. தொட்டியை வீட்டில் வெல்டிங் செய்யவே கூடாது. துத்தநாகம் பூசிய குழாய்களின் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். அவற்றையும் தவிர்த்துவிடுங்கள். முகக்கவசம், கையுறை, மூடிய காலணி இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

உங்கள் முதல் வெல்டிங் வண்டியில் இருக்க வேண்டாம். துண்டு இரும்பில் போட்டு, வெட்டிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால், தெரிந்த ஒருவரிடம் சுத்தியலைக் கொடுங்கள்.

எந்த மாற்றத்திற்கு அனுமதி வேண்டும் என்பதை வெட்டுவதற்கு முன் ஜேபிஜேயிடம் கேளுங்கள். விளக்கு, ஹாரன், பக்கக் கண்ணாடி, முறையான எண் பட்டை ஆகியவற்றை அழகுக்காக எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டாரையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டு பாச்சிக்கிடம் மாலை ஏழு மணிக்கு மேல் கிரைண்டர் ஓடாது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கடைசியில் அவரே தம்முடைய ஜாக்கியைக் கடன் கொடுத்தார்.

முதல் பயணம்

விடுமுறையின் கடைசி வெள்ளிக்கிழமை. வாசலில் விரித்திருந்த நாளிதழ்களைச் சுருட்டி எறிந்தேன். மிச்சம் இருந்தவை இரண்டு பக்க மூடிகள், மட்கார்டின் வெட்டிய துண்டுகள், அந்தக் கூம்பு ஃபில்டர். ஏழு வாரங்களில் நான் உண்மையாகவே நீக்கியது அவ்வளவுதான்.

“அம்மா, பாசார் மாலாம் போகலாமா?”

ஹெல்மட்டை மாட்டிக்கொண்டு வந்தவர், புதிய பின்னிருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தார். பழைய உறையின் கிழியாத பகுதியை வெட்டி நான் தைத்திருந்த தையலைப் பார்த்தார். அது கோணலாகத்தான் இருந்தது. சிரித்தார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வேகத்தடைகளில் நான் எவ்வளவு மெதுவாகப் போனேன் என்றால், பின்னால் வந்த ஒருவர் ஹாரன் அடித்துவிட்டார்.

திரும்பி வந்ததும், “எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

அம்மா இறங்கி, இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

“பழைய சீட்டுதான் மெத்துனு இருக்கும். இது கல்லு மாதிரி இருக்கு. அடுத்த லீவுல வரும்போது ஸ்பாஞ்சு இன்னும் கொஞ்சம் வையி. தையல நான் பார்த்துக்கிறேன்.”